முதலில் வீட்டில் இருக்கும் பாலிசியைப் படியுங்கள்

பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது பாளையங்கோட்டையில் வசிக்கும் அம்மையார் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: அம்மா, நான் திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் காப்பீட்டுச் சட்டம் ஒரு பாடம். கோட்பாடுகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒரு சம்பவத்தைக் கொடுத்து ‘நிறுவனம் பணம் தர வேண்டுமா?’ என்று கேட்டால் பேனா ஓடமாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
— சட்ட மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: மகளே, பாடப் புத்தகத்தை இரண்டு நாள் மூடி வை. உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு ஸ்கூட்டர் நிற்கும். அதன் இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கு. பெரும்பாலும் முதல் இரண்டு பக்கம்தான் கையில் கொடுத்திருப்பார்கள். முழு விதிமுறைகளும் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும், இறக்கிக்கொள். பென்சிலோடு உட்கார்ந்து கடைசி வரி வரை படி.

படிக்கும்போது சில கேள்விகளை மனதில் வைத்துக்கொள். பாலிசி யார் பெயரில் இருக்கிறது? எந்தப் பொருளுக்கு? எதனால் நஷ்டம் வந்தால் பணம் உண்டு, எதனால் வந்தால் கிடையாது? நஷ்டம் நடந்த பிறகு பாலிசிதாரர் செய்ய வேண்டியது என்ன? நீ மனப்பாடம் செய்த கோட்பாடுகள் எல்லாம் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கின்றன. சம்பவத்தைப் பார்த்ததும் கோட்பாட்டின் பெயரைத் தேடாதே. முதலில் இந்தக் கேள்விகளைக் கேள், பெயர் பிறகு தானாக வரும்.

‘யார் பெயரில்’ என்பதை எடுத்துக்கொள். வடக்கு அயர்லாந்தில் ஒருவர் தன் எஸ்டேட்டில் இருந்த மரங்களை ஒரு கம்பெனிக்கு விற்றார். அந்தக் கம்பெனியின் பங்குகள் எல்லாம் அவருடையவைதான். ஆனால் மரத்துக்கான தீ பாலிசியைத் தன் சொந்தப் பெயரில் எடுத்திருந்தார். மரம் எரிந்தது. மரம் கம்பெனியின் சொத்து, உனக்கும் அதற்கும் சட்டப்படி உறவு இல்லை என்று சொல்லி 1925-ல் அன்றைய பிரிட்டனின் உச்ச அப்பீல் மன்றமான பிரபுக்கள் சபை அவர் கேட்ட பணத்தை மறுத்தது. மகௌரா வழக்கு என்பார்கள். இதைத்தான் இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட் என்கிறோம். பொருள் அழிந்தால் சட்டம் ஒத்துக்கொள்கிற நஷ்டம் உனக்கு இருக்க வேண்டும். நம் ஊரிலும் அண்ணன் தம்பி கூட்டாக நடத்துகிற ரைஸ் மில்லுக்கு மூத்தவர் பெயரில் மட்டும் பாலிசி எடுத்துவிட்டுப் பிறகு தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

நஷ்ட ஈட்டுக் கோட்பாட்டுக்கு 1883-ம் வருஷத்துக் காஸ்டெலைன் வழக்கைப் படி. வீட்டை விற்க ஒப்பந்தம் போட்ட பிறகு, கிரயம் முடிவதற்கு முன்னால் தீப்பிடிக்கிறது. விற்றவர் இன்சூரன்ஸ் பணத்தையும் வாங்கினார், பிறகு வாங்கியவரிடம் முழு விலையையும் வாங்கினார். நிறுவனம் தான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு ஜெயித்தது. நஷ்டம் ஈடாக வேண்டும், நஷ்டத்தில் லாபம் வரக்கூடாது. சப்ரோகேஷன் என்பதும் இதன் தொடர்ச்சிதான்: பணம் கொடுத்த நிறுவனம் பாலிசிதாரரின் இடத்தில் நின்று, நஷ்டத்தை உண்டாக்கியவரிடம் கேட்கும் உரிமை. நம் உச்ச நீதிமன்றத்தில் இதற்குச் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கு இருக்கிறது. நூல் ஏற்றிய வண்டி விபத்துக்குள்ளாகி, பணம் கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனமும் மில்லும் சேர்ந்து லாரி கம்பெனி மேல் போட்ட வழக்கு. 2010-ல் ஐந்து நீதிபதிகள் விரிவாக எழுதினார்கள். நீளமான தீர்ப்பு, ஆனால் தெளிவானது.

அடுத்தது எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உச்ச நன்னம்பிக்கை. 1766-ல் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்புச் சொன்ன கார்ட்டர் – போம் வழக்கை எல்லாப் புத்தகமும் மேற்கோள் காட்டும். சுமத்ரா தீவில் பென்கூலன் என்ற இடத்தில் இருந்த ஆங்கிலேயர் கோட்டைக்கு கார்ட்டர் தலைவர். எதிரி கோட்டையைப் பிடித்தால் பணம் தர வேண்டும் என்று பாலிசி. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று சொல்லி, காப்பீடு கொடுத்த போம் பணம் தர மறுத்தார். பாலிசி எடுப்பவர் முக்கியமான தகவலை மறைக்கக்கூடாது என்ற விதியை மான்ஸ்ஃபீல்டு இதில்தான் சொன்னார். ஆனால் ஜெயித்தது யார் தெரியுமா? பாலிசிதாரர்தான். காப்பீடு கொடுப்பவருக்குத் தெரிந்ததையும், தெரிந்திருக்க வேண்டியதையும் பாலிசிதாரர் சொல்லவில்லை என்று குறை சொல்ல முடியாது என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வழக்கின் முதல் பாதியை மட்டுமே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து முழுத் தீர்ப்பைப் படித்தபோது என் மேஜை வழியாக ‘தகவல் மறைப்பு’ என்று முத்திரை குத்திப் போன கோப்புகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. நன்னம்பிக்கை இரண்டு பக்கத்துக்கும் உண்டு, மகளே. வக்கீலாகும்போது நீ எந்தப் பக்கம் நின்றாலும் இதை மறக்காதே.

சட்டங்களில் 1938 இன்சூரன்ஸ் சட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். 64-விபி, 64-யுஎம் இரண்டையும் முதலில் படி. ப்ரீமியம் முன்கூட்டி வராமல் ரிஸ்க், அதாவது நிறுவனத்தின் பொறுப்பு, தொடங்காது என்பது முந்தையது. நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் பற்றியது பிந்தையது. கோட்பாடுகள் பிரிவு பிரிவாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டுமானால் 1963 கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தைத் திற. 19-ம் பிரிவு நன்னம்பிக்கை, 20 தகவல் சொல்லும் கடமை, 55 எந்தக் காரணத்தால் வந்த நஷ்டம் என்பது, 79 சப்ரோகேஷன், 80 பங்களிப்பு (ஒரே நஷ்டத்துக்குப் பல பாலிசி இருந்தால் நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வது). கப்பலுக்கு எழுதியதுதான் என்றாலும் இவ்வளவு சுருக்கமாக வேறு எங்கும் கிடைக்காது. மோட்டாருக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 11, 12-ம் அத்தியாயங்கள். 2019 திருத்தத்துக்கு முந்தைய பழைய புத்தகம் வாங்கிவிடாதே, பிரிவு எண்களே மாறிவிட்டன.

அப்புறம் ஒரு நாள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார். மும்பை இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்தும் தேர்வுகளில் ஐசி 01, ஐசி 11 இரண்டையும் எழுதினால் வேலைக்கும் உதவும். முதலாவது கோட்பாடு, இரண்டாவது பொதுக் காப்பீட்டு நடைமுறை. சட்டக் கல்லூரியில் சொல்லித் தராத அலுவலக நடைமுறை அந்தப் பாடநூலில் இருக்கிறது.

கேள்வி: அக்கா, குடும்பமாக அப்பளத் தொழில் செய்கிறோம். மழையில் கிட்டங்கிக்குள் தண்ணீர் புகுந்து உளுந்து மாவும் காய்ந்த அப்பளமுமாக 4 லட்ச ரூபாய் சரக்கு வீணாகிவிட்டது. பாலிசி 6 லட்சத்துக்கு இருக்கிறது. அன்றைக்கு கிட்டங்கியில் 12 லட்சத்துக்குச் சரக்கு இருந்ததாம், அதனால் 2 லட்சம்தான் வரும் என்கிறார் சர்வேயர். நஷ்டம் 6 லட்சத்துக்குள்தானே இருக்கிறது? இது நியாயமா?
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு 1992 நவம்பர் வெள்ளம் நினைவுக்கு வந்துவிட்டது. தாமிரபரணி ஊருக்குள் வந்த வருஷம். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சியின் கிட்டங்கிக்கு சர்வேயரோடு போனேன். சேறு அப்பிய சேலைக் கட்டுகளை நானே கைப்பட எண்ணி எழுதினேன். கடன் கொடுத்த பேங்க் கேட்டது என்பதற்காகச் சரக்கின் மதிப்பில் பாதிக்கும் குறைவாக பாலிசி எடுத்திருந்தார் அவர். கணக்குப் போட்டுக் கொடுத்த காசோலையைப் பார்த்துவிட்டு, “தாயி, நனைஞ்ச துணியை நீதானே எண்ணின?” என்று மட்டும் கேட்டார். கணக்கு சரிதான். ஆனால் பாலிசி விற்ற அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட அந்த விதியை அவருக்குத் தமிழில் சொல்லவில்லை. இந்தப் பத்தியை எழுத நான் ஒத்துக்கொண்டதற்கு அவர்தான் காரணம்.

அந்த விதியின் பெயர் அவரேஜ். 12 லட்சம் சரக்குக்கு 6 லட்சத்துக்கு மட்டும் ப்ரீமியம் கட்டினால், மீதிப் பாதிக்கு நீங்களே உங்களுக்கு இன்சூரன்ஸ் கொடுத்துக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நஷ்டம் வந்தாலும் பாதி உங்கள் தலையில் விழும். 4 லட்சத்தில் பாதி 2 லட்சம். சர்வேயர் போட்ட கணக்கு தவறு இல்லை, அவர் எடுத்துக்கொண்ட 12 லட்சம் சரியாக இருந்தால்.

அதைத்தான் நீங்கள் சோதிக்க வேண்டும். சர்வே அறிக்கையின் நகலை எழுத்து மூலமாகக் கேளுங்கள். சரக்கை விற்பனை விலையில் மதிப்பிட்டாரா, உங்களுக்கு ஆன அடக்க விலையிலா? அப்பளத்தை அடக்க விலையில்தான் பார்க்க வேண்டும், உங்கள் லாபம் அதில் சேரக்கூடாது. வேறொருவர் இட்டுத் தரக் கொடுத்த மாவு ஏதாவது அதில் சேர்ந்துவிட்டதா? பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட், கொள்முதல் பில், ஜி.எஸ்.டி. கணக்கு மூன்றையும் வைத்து அன்றைய இருப்பை நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள். கூலிக்கு அப்பளம் இடும் பெண்களின் நோட்டில் அன்றைக்கு எத்தனை கிலோ போனது என்று இருக்கும், அதுவும் சாட்சிதான்.

இன்னொன்று. 2021 ஏப்ரல் முதல் சிறுதொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசிதான் பொதுவாகக் கொடுக்கப்படுகிறது. 5 கோடி ரூபாய் மதிப்பு வரையுள்ள தொழிலுக்கு அது. அதில் 15 சதவீதம் வரை குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் அவரேஜ் போடக்கூடாது. உங்கள் சரக்கின் உண்மையான மதிப்பு 7 லட்சம்தான் என்று நிரூபித்துவிட்டால் குறைவு 15 சதவீதத்துக்குள் வந்துவிடும். அப்போது பாலிசியில் சொன்ன எக்ஸஸ் தொகையை (நீங்களே ஏற்க வேண்டிய பங்கை) மட்டும் கழித்துக்கொண்டு 4 லட்சத்தையும் தர வேண்டும். மதிப்பு உண்மையிலேயே 12 லட்சம் என்றால் 2 லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் முழு மதிப்புக்கு எடுங்கள். பொய்க் கணக்கு மட்டும் வேண்டாம், அக்காவாகச் சொல்கிறேன்.

நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) எழுதலாம். தனிநபர் மட்டுமில்லை, உங்களைப் போன்ற குறுந்தொழில் செய்பவரும் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: ஏஜென்டிடம் வெள்ளிக்கிழமை பணம் கொடுத்தேன். அடுத்த புதன்கிழமைதான் கட்டினார். அவர் செய்தது சரியா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: சரியில்லை. வசூலித்த ப்ரீமியத்தை, பேங்க், தபால் விடுமுறைகளைக் கழித்து, 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்தில் செலுத்தவோ தபாலில் அனுப்பவோ வேண்டும் என்று 64-விபி பிரிவு சொல்கிறது. இனிமேல் ஏஜென்ட் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். நிறுவனத்துக்கே நேராக ஆன்லைனில் கட்டுங்கள், இல்லையென்றால் நிறுவனத்தின் பெயருக்குக் காசோலை எழுதுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் கார் தெருவில் முழுகியது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், எஞ்சின் போய்விட்டது. ஃபுல் இன்சூரன்ஸ்தான். சீட்டு, வயரிங் எல்லாம் கொடுத்துவிட்டு எஞ்சினுக்கு மட்டும் இல்லை என்றார்கள். வெள்ளத்தால் வந்த நஷ்டம்தானே எல்லாமே?
— வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியிலேயே இரண்டு நாள் இருந்தேன். உங்கள் தெருவின் நிலைமை எனக்குத் தெரியும்.

இது அண்மைக் காரணம் என்ற கோட்பாடு. 1915-ல் இக்காரியா என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோவால் தாக்கியது. ஓட்டை விழுந்த கப்பலை லஹாவ்ர் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். அங்கே அலையில் தரைதட்டித் தட்டிச் சில நாளில் மூழ்கியது. கடல் ஆபத்துக்குக் காப்பீடு உண்டு, போருக்குக் கிடையாது. கடைசியாக மூழ்கடித்தது அலைதான். ஆனாலும் உண்மையான காரணம் டார்பிடோதான் என்று 1918-ல் தீர்ப்பு வந்தது. நேரத்தில் கடைசியாக வந்ததைப் பார்க்கக்கூடாது, நஷ்டத்தை உண்டாக்கும் பலம் எதற்கு இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் வெள்ளம்தானே காரணம் என்று நீங்கள் கேட்கலாம். நிறுவனம் சொல்வது வேறு. நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகுந்தது வெள்ளம். தண்ணீர் நிற்கும் எஞ்சினை நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் உள்ளே கம்பி வளைந்து உடைந்தது உங்கள் செயல், அதன் பின்விளைவு. பின்விளைவு நஷ்டம் மோட்டார் பாலிசியில் விலக்கப்பட்டிருக்கிறது. ‘எஞ்சின் ப்ரொடெக்ட்’ என்று கூடுதலாக எடுத்திருந்தால்தான் அது வரும். பாலிசியின் ஷெட்யூலில் (விவரப் பட்டியலில்) அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கேஸ் பலவீனமானது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஸ்டார்ட்டே செய்யாமல் இருந்து, தண்ணீரில் ஊறியே எஞ்சின் கெட்டிருந்தால் நான் உங்களை விடாமல் போராடச் சொல்லியிருப்பேன்.

ஆற்றங்கரைத் தெருக்களில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுகிய வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் லோடு ஆட்டோ வாங்கினேன். ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றி மூன்று மாதம் ஆகிறது. இன்சூரன்ஸ் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. இப்போது மோதி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. பாலிசி நடப்பில் இருந்தும் மறுக்கிறார்கள்.
— வாசகர், முன்னீர்பள்ளம்

பதில்: தம்பி, மோட்டார் வாகனச் சட்டம் 157-ம் பிரிவுப்படி வண்டி கைமாறினால் இன்சூரன்ஸும் கைமாறியதாகக் கருதப்படும். ஆனால் அது மூன்றாம் நபருக்கு மட்டும்தான் என்று 1995-ல் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஆட்டோ யார் மேலாவது மோதியிருந்தால் நிறுவனம் பொறுப்பேற்கும். உங்கள் ஆட்டோவுக்கு ஆன சேதத்துக்கு, நீங்கள் அவர்களோடு ஒப்பந்தமே செய்துகொள்ளவில்லை. பழைய ஓனரோ வண்டியை விற்றுவிட்டார், அவருக்கு நஷ்டம் இல்லை. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை மாற்ற எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இந்த முறை கைப்பணம்தான் போகும், வருத்தமாக இருக்கிறது.

வண்டியை விற்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர். 2018-ல் நவீன் குமார் வழக்கில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். கை மாறிக் கை மாறிப் போன வண்டி, இன்சூரன்ஸும் இல்லாமல் எங்கோ ஓர் உயிரை எடுத்தால் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் முதல் ஓனர் வீட்டுக்கு வரும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ‘நாங்களே மாற்றிக்கொள்கிறோம்’ என்று சொல்லும் புரோக்கரை நம்பி வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. மெடிக்கல் பாலிசி எடுக்கும்போது ‘இல்லை’ என்று எழுதினால் ப்ரீமியம் குறையும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றார் ஏஜென்ட். அப்படியே எழுதிவிட்டோம். போன மாதம்தான் பாலிசி வந்தது. மனசு உறுத்துகிறது.
— வாசகி, மேலப்பாளையம்

பதில்: உறுத்தியது நல்லதாகப் போயிற்று. இன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதி, உண்மையைச் சொல்லி, பாலிசியில் திருத்தம் கேளுங்கள். ப்ரீமியம் கூடலாம், மறுக்கவும் செய்யலாம். ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருக்கும்போது பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மறுப்பதைவிட அது மேல். முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு இப்போது 3 வருஷம்தான். தொடர்ந்து 5 வருஷம் ப்ரீமியம் கட்டிய பிறகு தகவல் சொல்லவில்லை என்று காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. ஆனால் மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே ‘இல்லை’ என்று எழுதியதை மோசடி என்று அவர்கள் வாதிட இடம் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் நிரப்பினார் என்ற பதில் உதவாது, கையெழுத்து அப்பாவுடையது.

கேள்வி: என் வீட்டுக்காரர் பைக்கில் வரும்போது நாங்குநேரி பக்கம் நான்குவழிச் சாலையில் ஏதோ வண்டி மோதி இறந்துவிட்டார். எந்த வண்டி என்று போலீஸாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வண்டி தெரியாததால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.
— வாசகி, களக்காடு

பதில்: கிடைக்காது என்று சொன்னவர்களுக்குச் சட்டம் தெரியவில்லை, தாயி. மோட்டார் வாகனச் சட்டம் 161-ம் பிரிவில், மோதிவிட்டு அடையாளம் தெரியாமல் போன வண்டியால் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாய் உண்டு. பலத்த காயத்துக்கு 50,000. இது 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் இந்த மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். வருவாய்த் துறை அதிகாரிதான் விசாரிப்பார், கலெக்டர் அனுமதிப்பார். மனு எழுதத் துணை வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவ வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அம்பாசமுத்திரம் மாணவியும் இதைப் படித்தால், அந்த ஆணைக்குழுவில் ஒரு வாரம் கூட இருந்து இப்படி ஒரு மனுவை எழுதிப் பார்க்கட்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் கேட்கிறேன். அந்த பைக் அவர் பெயரில்தானே? லைசென்ஸ் இருந்ததா? இருந்தால் பைக்கின் பாலிசியைத் தேடி எடுங்கள். ப்ரீமியம் கணக்கு போட்டிருக்கும் பக்கத்தில் ‘ஓனர் – டிரைவர் பி.ஏ.’ (ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு) என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் 15 லட்சம் என்று எழுதியிருக்கும். அந்த வரிக்குப் பணம் கட்டியிருந்தால், மோதிய வண்டி எதுவானாலும், தப்பு யார் மேல் என்றாலும், அந்தத் தொகை உங்களுக்கு வர வேண்டும். உடனே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தகவல் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி கிடைக்கவில்லை என்றால் வண்டி எண்ணையும் அவர் பெயரையும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். எந்த நிறுவனம் என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.